காவலரும் கறிச்சட்டியும்

போன மாதம் இந்தப் பக்கத்தில் ஒரு துப்பறியும் நாவலின் பெயரைச் சொல்லி, படித்துவிட்டு எழுதுங்கள் என்று கேட்டிருந்தேன். சி. ஜே. பாக்ஸ் எழுதிய 'ஓப்பன் சீசன்'. 2001-இல் வந்தது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் வேட்டைக்காரர்களின் லைசென்ஸைச் சோதித்துக்கொண்டு திரியும் ஜோ பிக்கெட் என்ற வனவிலங்கு அதிகாரிதான் அதில் துப்புத் துலக்குகிறவர். கோலசிலாங்கூரிலிருந்து சபாக் பெர்ணம் வரை கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. பாதிப் பேர் நாவலைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். மீதிப் பேர் உங்கள் வீட்டுப் பன்றிக்கறியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் படித்து முடித்தபோது இரண்டும் ஒரே விஷயம்தான் என்று பட்டது.

கே: முதல் அத்தியாயத்திலேயே ஒரு திருட்டு வேட்டைக்காரன் அதிகாரியின் இடுப்புத் துப்பாக்கியை உருவிக்கொள்கிறான். அதிகாரிக்குக் குறிபார்த்துச் சுடவும் வரவில்லை. இவரெல்லாம் ஒரு கதாநாயகனா, ஐயா?
– ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி, புக்கிட் ரோத்தான்

ப: நீங்கள் சங்கர்லாலிடம் வளர்ந்தவர் என்று கையெழுத்தே சொல்கிறது. தமிழ்வாணனின் சங்கர்லால் ஒரு கோப்பைத் தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் குற்றவாளிக்கு வியர்க்க ஆரம்பித்துவிடும். ஜோ பிக்கெட் அந்த ரகம் இல்லை. ஓட் கீலி என்பவன் சட்டத்தை மீறி மான் சுட்டுவிடுகிறான். இவர் சம்மன் எழுதக் குனிகிறார், துப்பாக்கி கைமாறிவிடுகிறது. கீலி அதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். ஊர்தான் விடவில்லை, அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது. பிறகு ஒரு நாள் அதே கீலி ஜோவின் வீட்டுக் கொல்லையில், விறகுக் குவியல்மேல் செத்துக் கிடக்கிறான்.

இப்போது பாருங்கள். செத்தவனோடு பகை இருந்ததாக ஊருக்கே தெரியும். கொலையை விசாரிக்கிற அதிகாரமோ ஷெரிப்பிடம் இருக்கிறது. இவர் கையில் இருப்பதெல்லாம் ஒரு சம்மன் புத்தகம். அதை வைத்துக்கொண்டு ஒரு கொலையைத் துலக்க வேண்டும் என்றால், சங்கர்லாலே இரண்டாவது கோப்பைத் தேநீர் கேட்பார்.

லைசென்ஸ் இல்லாமல் மீன் பிடித்ததற்காக மாநில ஆளுநரையே பிடித்தவர் ஜோ என்பதையும் மறந்துவிடாதீர்கள். அப்படிப்பட்டவர்களை எந்த ஊருக்கு மாற்றுவார்கள் என்று ஒரு கிராணிக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை.

கே: எனக்கு ஜோவைவிட அவர் மனைவி மேரிபெத்தைத்தான் பிடித்தது. பத்தாத சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவள்தான் அசல் துப்பறிவாளர். ஒத்துக்கொள்கிறீர்களா?
– குடும்பத்தலைவி, பெஸ்தாரி ஜெயா

ப: ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த மாதமும் எழுதுவீர்கள், ஆகவே ஒத்துக்கொள்கிறேன் அம்மா. அதற்கு மேலும் ஒன்று சொல்கிறேன். அந்த வீட்டில் அப்பாவைவிட அதிகம் தெரிந்தவள் ஏழு வயது ஷெரிடன். விறகுக் குவியலுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று அவளுக்குத்தான் தெரியும். யாருக்கும் தெரியாமல் தீனி போடுகிறவளும் அவள்தான். பிள்ளை தட்டில் இருப்பதை எங்கே எடுத்துக்கொண்டு போகிறது என்று நம் ஊர்ப் பாட்டி ஒருத்தி வீட்டில் இருந்து கவனித்திருந்தால் நாவல் நூறு பக்கத்தில் முடிந்திருக்கும். பாக்ஸ் பிழைத்தார்.

கே: வனவிலங்கு அதிகாரி வேலை பார்க்கிற மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்கலாமா?
– இரண்டு பெண்களுக்குத் தந்தை, தஞ்சோங் காராங்

ப: மேரிபெத்தின் தாயார் மிஸ்ஸியைக் கேளுங்கள். மகள் இதைவிட நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கலாம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. இருபதுக்கும் மேற்பட்ட நாவல்கள் வந்துவிட்டன, அந்த அம்மாளின் அபிப்பிராயம் மாறவில்லை. வயோமிங்கிலும் மாமியார் மாமியார்தான்.

கே: நான் தோட்டத்தில் பிறந்து தோட்டத்திலேயே வேலை செய்கிறவன். பன்றி நம் செம்பனைக் கன்றைத் தோண்டித் தின்கிறது, நாம் பன்றியைத் தின்கிறோம். கணக்கு நேர். நடுவில் அதிகாரிக்கு என்ன வேலை? நான் ஓட் கீலி கட்சி.
– மண்டோர், ஈஜோக் பக்கம் (பெயர் போட வேண்டாம்)

ப: போடவில்லை. இந்தக் கேள்வியை நீங்கள் ஒருவர் மட்டும் கேட்கவில்லை. இந்த மாதம் வந்த கடிதங்களில் பெயர் போட வேண்டாம் என்றவர்கள் எல்லாரும் கீலி கட்சிதான்! வயோமிங் வாசகர் அந்த நாவலை அதிகாரியின் தோளுக்குப் பின்னால் நின்று படிக்கிறார். நாம் செத்துக் கிடக்கிறவன் பக்கத்திலிருந்து படிக்கிறோம். அதற்குக் காரணம் இருக்கிறது, சும்மா இல்லை.

இந்த நாட்டில் வேட்டைச் சட்டம் எப்படி வந்தது என்று கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் துரை காட்டு மாடு சுட்டால் அது விளையாட்டு. கொம்பு வரவேற்பறைச் சுவரில் ஏறும். லயத்துக்காரர் கண்ணி வைத்துப் பிடித்தால் அது திருட்டு வேட்டை. துப்பாக்கி பெரும்பாலும் பங்களாவில் இருந்தது, கம்பிச் சுருக்கு லயத்தில் இருந்தது. அதனால் காவலர் என்றாலே துரையின் ஆள் என்ற நினைப்பு நம் தாத்தாக்களுக்கு வந்துவிட்டது. அதைத்தான் நீங்கள் இன்னும் சுமக்கிறீர்கள்.

ஆனால் அதே துரைமார்களில் ஒரு விநோதமான மனிதர் இருந்தார். தியோடர் ஹப்பாக். கோலாலம்பூர் ரயில் நிலையத்தையும் ஜாமெக் பள்ளிவாசலையும் வரைந்த கட்டடக் கலைஞர் ஹப்பாக்கின் தம்பி. பொறியாளர், ரப்பர் தோட்டக்காரர், பெரிய வேட்டைக்காரர். யானை வேட்டை, காட்டு மாடு வேட்டை என்று 1905-இல் புத்தகமே போட்டார். அப்புறம் மனிதர் அடியோடு மாறிவிட்டார். பகாங்கில் கௌரவ வேட்டைக் காவலராகி, 1930-இல் அமைந்த மலாயா வனவிலங்கு ஆணையத்தைத் தனியாளாக இழுத்துப் போய், 1932-இல் மூன்று தொகுதி அறிக்கை கொடுத்தார். ரப்பர் கன்றை மிதிக்கிற யானையைச் சுட வேண்டும் என்ற தன் சொந்தக் கூட்டத்தோடேயே சண்டை போட்டார். இன்றைய தாமான் நெகாராவுக்கு வித்திட்டவர்களில் முதல் பெயர் அவருடையது. 1942-இல் காலமானார். ஆக, காவலர் என்றால் எப்போதும் துரையின் ஆள் என்று சொல்ல முடியாது. துரைகளுக்கே பிடிக்காத காவலரும் இருந்திருக்கிறார்.

சட்டம் இன்று என்ன சொல்கிறது? 1972-இல் மாநிலம் மாநிலமாக இருந்த வேட்டை இலாகாக்களை ஒன்றாக்கினார்கள், அதுதான் இன்று நாம் சொல்கிற பெர்ஹிலித்தான். 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப்பன்றிக்கும் லைசென்ஸ் வேண்டும். ஓராங் அஸ்லி மக்கள் மட்டும் தங்கள் குடும்பச் சாப்பாட்டுக்காகச் சில பிராணிகளை வேட்டையாட அந்தச் சட்டமே இடம் விட்டிருக்கிறது. மண்டோர்களுக்கு அப்படி ஒரு பிரிவு எழுதப்படவில்லை.

இனி உங்கள் கணக்குக்கு வருகிறேன். பன்றி கன்றைத் தின்றது, நீங்கள் பன்றியைத் தின்றீர்கள் என்றால் அதில் எனக்கு வழக்கில்லை. லைசென்ஸ் எடுத்துக்கொண்டு தின்னுங்கள். வழக்கு உங்கள் கம்பியோடு. பழைய மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பியைக் கழற்றி, ஒரு முனையை மரத்தடியில் கட்டி, வெட்டிப் போட்ட மட்டை அடுக்குக்கு இடையில் பன்றி போட்டுவைத்த தடத்தில் சுருக்கு வைக்கிறீர்கள். மூன்று நாள் கழித்து மழை, நீங்கள் போகவில்லை. நான்காம் நாள் மறந்தே போய்விட்டீர்கள். கம்பி மறக்காது. பன்றி வந்தாலும் பிடிக்கும், தாபிர் குட்டி வந்தாலும் பிடிக்கும், பக்கத்து லயத்து நாய் வந்தாலும் பிடிக்கும். ஓட் கீலியாவது தான் எதைச் சுடுகிறோம் என்று பார்த்துத்தான் சுட்டான்.

கே: வடசிலாங்கூரில் புலி உண்டா? என் மச்சான் இரவில் செம்பனை நிரைக்குள் பார்த்ததாகச் சூடம் ஏற்றிச் சத்தியம் செய்கிறார்.
– லாரி ஓட்டுநர், ஜெரம்

ப: 1950-களில் மலாயாவில் 3,000 புலி இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அப்போது சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில் 150-க்கும் குறைவாகத்தான் மிச்சம் என்று வந்தது. அதில் ஒன்று இவ்வளவு தோட்டத்தையும் நெடுஞ்சாலையையும் தாண்டி ஜெரத்துக்கு வந்து உங்கள் மச்சானைப் பார்த்துவிட்டுப் போக என்ன அவசியம்? அன்று இரவு அவர் எந்தக் கடையிலிருந்து திரும்பினார் என்று விசாரியுங்கள்.

கே: தமிழில் இப்படிக் காட்டு அதிகாரியை நாயகனாக வைத்த கதை இல்லையா? நமக்கு எப்போதும் வக்கீலும் போலீஸும்தானா?
– தமிழ்ப்பள்ளி ஆசிரியை, கோலசிலாங்கூர்

ப: துப்பறியும் கதை என்ற முத்திரையோடு சொல்வதற்கு எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. நம் துப்பறிவாளர்கள் நகரவாசிகள். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் காட்டுக்குப் போனால் வசந்த் அங்கேயும் ஒரு பெண்ணிடம் வழி கேட்டுக்கொண்டு நிற்பான்.

ஆனால் முத்திரை இல்லாமல் ஒன்று இருக்கிறது: ஜெயமோகனின் 'யானை டாக்டர்'. 'அறம்' தொகுப்பில் இருக்கிறது. தமிழ்நாடு வனத்துறையின் கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியை வைத்து எழுதியது. நிஜ மனிதர், 2002-இல் காலமானார். காட்டில் செத்துக் கிடக்கிற யானைக்கும் பிரேதப் பரிசோதனை நடக்க வேண்டும் என்று நின்றவர் அவர். எட்டு நாள் வெயிலில் கிடந்து ஊதிப்போன யானைக்குள் கையை விட்டு, இது வியாதியா, குண்டா என்று பார்ப்பதைவிடப் பெரிய துப்பறியும் வேலை என்ன இருக்கிறது? தந்தத்துக்காகச் சுட்டவன், 'அது தானாகச் செத்தது' என்று சொல்லித் தப்பிக்கிற வழியை அடைத்தது அந்தக் கத்திதான். பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள், ஆனால் கேட்பார்கள்.

கே: சமைத்து மசாலா ஏறின பிறகு அது என்ன கறி என்று எந்த அதிகாரியால் கண்டுபிடிக்க முடியும்? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.
– உணவுக்கடைக்காரர், ஊர் வேண்டாம்

ப: சும்மா கேட்கிறவருக்குச் சும்மா சொல்கிறேன். பெர்ஹிலித்தானிடம் தடயவியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. மரபணுவுக்கு உங்கள் கறிமசாலா ஒரு பொருட்டே இல்லை. அடுப்புச் சூட்டில் அது துண்டு துண்டாகும், உண்மை. ஆனால் எந்தப் பிராணி என்று சொல்லப் பெரும்பாலும் அந்தத் துண்டே போதும். ஆடு என்று விலைப்பலகையில் எழுதிவிட்டு வேறொன்று போட்டிருந்தால், சட்டியே சாட்சிக் கூண்டில் ஏறும். புலி, தாபிர் போன்றவை விஷயத்தில் 2022-இல் திருத்திய சட்டப்படி அபராதம் பத்து லட்சம் ரிங்கிட் வரை, சிறை 15 ஆண்டு வரை போகலாம்.

உபரியாக ஒரு செய்தி. அமெரிக்காவில் வனவிலங்குக் குற்றங்களுக்கென்றே ஓரிகன் மாநிலத்தில் ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறார்கள். அதைப் பல ஆண்டு நடத்திய கென் கோடார்ட் என்பவர் ஒரு துப்பறியும் நாவலாசிரியரும்கூட. பகலில் தோலையும் பல்லையும் சோதிப்பார், மற்ற நேரத்தில் அதையே கதையாக எழுதுவார். 'பிரே' என்ற நாவல் 1992-இல் வந்தது. நம் ஆய்வுக்கூடத்திலும் யாராவது மேசை இழுப்பறைக்குள் கையெழுத்துப் பிரதி வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

கே: நான் வனவிலங்கு இலாகாவில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். நாவலில் வருகிற அதிகாரி குதிரையில் போகிறார், பிணம் பார்க்கிறார். என் காலம் முழுக்கக் குரங்குதான் பார்த்தேன். அதையும் எழுதுங்கள்.
– உலு சிலாங்கூர்

ப: எழுதுகிறேன் ஐயா, மரியாதையோடு. மக்களுக்கும் பிராணிக்கும் தகராறு என்று இலாகாவுக்கு வருகிற புகாரில் முதல் இடம் நீண்ட வால் குரங்குக்குத்தான். சமையலறையில் புகுந்தது, ரொட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிற்று, அம்மாவைப் பார்த்துப் பல்லைக் காட்டிற்று. புக்கிட் மலாவத்தியில் சுற்றுப்பயணிகள் மடியில் ஏறி உட்காருகிற லுத்தோங் குரங்குகளைப் படம் எடுத்துவிட்டு வருகிற அதே அம்மாதான் புகாரும் கொடுப்பார். ஜோ பிக்கெட்டுக்குக் குரங்குத் தொல்லை இல்லை. அதனால்தான் கொலையைக் கண்டுபிடிக்க அவருக்கு நேரம் இருந்தது.

கே: நம் ஆட்களில் பெரிய வேட்டைக்காரன் வீரப்பன்தான். அவனை வைத்து எத்தனை படம், எத்தனை தொடர். அதிகாரிகளைப் பற்றி யாராவது கவலைப்பட்டார்களா?
– செம்பனைக் குலை லாரி உரிமையாளர், சுங்கை பெசார்

ப: கேட்டது நல்ல கேள்வி. ஒரே ஓர் அதிகாரியைப் பற்றிச் சொல்கிறேன். கர்நாடகத்தில் பணியாற்றிய இந்திய வனப்பணி அதிகாரி பி. சீனிவாஸ். 1986-இல் வீரப்பன் ஒரு தடவை பிடிபட்டான், பிடித்தவர் இவர். காவலிலிருந்து வீரப்பன் தப்பினான். அதற்குப் பிறகு மற்றவர்கள் துப்பாக்கியோடு காட்டுக்குள் போனார்கள். சீனிவாஸ் வீரப்பனின் சொந்த ஊரான கோபிநத்தத்துக்குப் போனார். நோயாளிகளுக்கு மருந்து கிடைக்கச் செய்தார், வீடுகள் கட்ட உதவினார், ஊருக்கு மாரியம்மன் கோயில் எழும்பக் காரணமாக இருந்தார். அந்த ஊரில் பல குடும்பங்களுக்குக் காட்டுக்குள் ஒரு சொந்தக்காரன் இருந்தான். அவனைப் பிடிக்க வந்தவர்தான் நம் பிள்ளைக்கு மருந்தும் கொண்டுவருகிறார் என்றால் அந்தத் தாய் யார் பக்கம் நிற்பாள்? இதைவிடப் பெரிய மர்மத்தை எந்த நாவலாசிரியர் கட்டியிருக்கிறார், சொல்லுங்கள்.

1991 நவம்பர் 10 அன்று, வீரப்பன் சரணடைய வருகிறான் என்று வந்த சேதியை நம்பி ஆயுதம் இல்லாமல் போனார். கொன்று தலையை வெட்டினார்கள். அரசு கீர்த்தி சக்ரா கொடுத்தது. கோபிநத்தம் கோயிலில் அவர் படம் மாட்டியிருக்கிறது. அவன் ஊர்க்காரர்களே மாட்டியது.

வீரப்பனைத் தேடிய அதிரடிப்படை அந்தப் பக்கத்து மலைமக்களை என்ன பாடு படுத்தியது என்பதற்கு ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' (2004) நாவலைப் படியுங்கள். சீனிவாஸ் போனது ஒரு வழி, படை போனது இன்னொரு வழி. படம் எடுக்கிறவர்களுக்கு இரண்டுமே வேண்டாம், மீசை போதும்.

கே: 'ஓப்பன் சீசன்' பாதிக்கு மேல் எனக்கு ஏமாற்றம். ஒரு பெரிய எரிவாயுக் கம்பெனி வந்ததுமே யார் கெட்டவர் என்று தெரிந்துவிட்டது. இது என்ன மர்மம்?
– கல்லூரி மாணவர், ரவாங்

ப: நியாயமான புகார். எனக்கும் அந்த இடத்தில் நாவல் சறுக்கியதாகத்தான் பட்டது. முடிவைச் சொல்லாமல் இதற்குப் பதில் எழுதுவது கஷ்டம், முயல்கிறேன். கம்பெனி கெட்டது என்பது மர்மமே இல்லை, அது பொது அறிவு. ஜோவுக்குத் தெரிந்த, அவர் மதித்த மனிதர்களில் யார் விலைபோயிருக்கிறார் என்பதுதான் மர்மம். அந்தப் பகுதியைப் பாக்ஸ் நன்றாகவே எழுதியிருக்கிறார். ஜோவுக்கே கூடுதல் சம்பளத்தில் வேலை தருகிறேன் என்று ஒருவர் வருகிற இடம் இருக்கிறதே, சிறிய வீடு, கர்ப்பிணி மனைவி, மாமியார் வேறு வந்து உட்கார்ந்திருக்கிறார். அங்கே நான் ஜோவாக இருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

நிஜத்தில் காடு போவதற்கு வில்லனே தேவைப்படுவதில்லை. 2021-இல் கோல லங்காட் வடக்குக் காட்டில் 530 ஹெக்டேருக்கும் மேலே காப்புக்காடு என்ற தகுதியை ரத்து செய்தார்கள். யாரும் யாரையும் சுடவில்லை. கூட்டம் நடந்தது, குறிப்பு எழுதினார்கள், அரசிதழில் வந்தது. ஊரே கூச்சல் போட்ட பிறகு அதே ஆண்டு செப்டம்பரில் முடிவைத் திரும்பப் பெற்றார்கள். இதை நாவலாக எழுதினால் பிணம் கிடைக்காது, கோப்புதான் கிடைக்கும். கோப்பை விறகுக் குவியல்மேல் போட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்?

கே: எங்கள் பெஸ்தாரி ஜெயாவை யாராவது நாவலில் எழுதியிருக்கிறார்களா? அல்லது நாங்கள் சாலைப் பலகையில் மட்டும்தானா?
– பேருந்து ஓட்டுநர்

ப: உலகப் புகழே பெற்றிருக்கிறீர்கள், யாரும் உங்களிடம் சொல்லவில்லை. உங்கள் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நட்டார்கள். நட்டவர் ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். மரத்தை நட்டதோடு நிற்காமல் 'மலேஸி' என்று ஒரு நாவலும் எழுதினார். 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு அதற்குக் கிடைத்தது. இன்று நாடு முழுக்க நிற்கிற செம்பனைக்கும் ஒரு பெரிய இலக்கியப் பரிசுக்கும் ஒரே கை காரணம்!

அதில் வருகிற தமிழர்களைப் பார்த்துச் சந்தோஷப்படுவீர்களா என்று கேட்டால், மாட்டீர்கள். பங்களா வராந்தாவிலிருந்து எவ்வளவு தெரியுமோ அவ்வளவு தெரிகிற தமிழர்கள் அவர்கள். கதையின் கடைசியில் கத்தியும் ரத்தமும் உண்டு, ஆனால் யார் செய்தது என்று தேட வேண்டியதில்லை, எல்லார் கண் முன்னாலும் நடக்கிறது.

கே: அண்ணே, நான் ஐந்தாம் படிவம். நம் பக்கத்தை வைத்து ஒரு வனவிலங்கு அதிகாரி கதை எழுத ஆசை. ஆரம்பிக்க ஒரு துப்பு கொடுங்கள்.
– செகிஞ்சான்

ப: தம்பி, ஒன்றுக்கு இரண்டாகக் கொடுக்கிறேன். எழுதி முடித்தால் என் பங்கை ரொட்டி சானாயாகக் கொடுத்துவிடு.

முதல் துப்பு ஆந்தைப் பெட்டி. செம்பனைத் தோட்டத்தில் கம்பத்தின்மேல் மரப்பெட்டி நிற்பதைப் பார்த்திருப்பாய். எலி ஒழிய வேண்டும் என்று கூகைக்குக் கட்டிக்கொடுத்த வீடு. ஜோடியும் குஞ்சுமாக ஒரு கூகைக் குடும்பம் வருடத்தில் ஆயிரம் எலிக்கு மேல் தின்னும் என்று தோட்டத்தில் கணக்குச் சொல்வார்கள். எலியை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காத மயிரையும் எலும்பையும் கறுப்பு உருண்டையாகக் கக்கும். பெட்டிக்குக் கீழே போய் அந்த உருண்டையை ஒரு குச்சியால் பிரித்துப் பார். உள்ளே எலியின் மண்டையோடு பல்லோடு அப்படியே இருக்கும். நேற்று ராத்திரி அந்தக் கட்டத்தில் என்ன நடமாடியது என்பதற்குக் கையெழுத்துப் போட்ட அறிக்கை அது.

இப்போது கதை. ஒரு பெட்டியில் குஞ்சுகள் எல்லாம் செத்துக் கிடக்கின்றன, வாயோரம் ரத்தம். எலி விஷத்தில் ரத்தத்தை உறையவிடாமல் செய்கிற வகை உண்டு. அதைத் தின்ற எலியைத் தின்றால் ஆந்தைக்கும் அதே கதி. நம் அதிகாரி தோட்ட அலுவலகத்துக்குப் போய் விஷம் வைத்த கணக்குப் புத்தகத்தைப் புரட்டுகிறார். அந்தக் கட்டத்தில் ஆறு மாதமாக விஷமே வைக்கவில்லை. அப்படியானால் யார் வைத்தார்? எலிக்குத்தான் வைத்தாரா? இதற்கு மேல் நான் சொன்னால் கதை என்னுடையதாகிவிடும்.

இரண்டாவது துப்பு கம்போங் குவாந்தான். பெரம்பாங் மரத்தில் மின்மினிகள் ஒன்றாக மின்னி ஒன்றாக அணைவதைப் பார்க்க ஊரெல்லாம் வருகிறது. துடுப்புப் போடுகிற படகுக்காரருக்கு ஆற்றோரத்து மரம் ஒவ்வொன்றும் முகம் தெரிந்த சொந்தக்காரர் மாதிரி. ஒரு ராத்திரி ஒரு மரம் மட்டும் மின்னவில்லை. அவருக்கு உடனே தெரியும். சுற்றுப்பயணிக்குத் தெரியாது, போலீசுக்குத் தெரியாது. அந்தப் படகுக்காரர்தான் உன் கதையின் முதல் சாட்சி. அவர் அதிகாரியிடம் சொல்வாரா மாட்டாரா என்பதில் ஐம்பது பக்கம் ஓட்டலாம், ஏனென்றால் மரத்தைச் சேதப்படுத்தியவன் அவர் தங்கை மாப்பிள்ளை.

இன்னொரு யோசனையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் ராஜா மூசா சதுப்புக்காட்டை வை. வெயில் காலத்தில் அந்தச் சதுப்பு காய்ந்தால் மேலே மரம் மட்டும் எரியாது, மண்ணே உள்ளுக்குள் புகையும். நீங்கள் செகிஞ்சானில் நெல் விளைக்கிற தண்ணீரும் அந்தக் காட்டுப் பக்கத்திலிருந்துதான் வருகிறது, ஆகவே எரிகிறது யார் வயிறு என்பது உனக்கே தெரியும்.

அதிகாரியைப் பெரிய மேதையாக்கிவிடாதே. யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால் சாப்பிடலாம், யார் வீட்டில் கறி பரிமாறும்போது 'இன்றைக்கு நான் சைவம்' என்று சொல்ல வேண்டும் என்று தெரிந்தவராக இருந்தால் போதும்.

கே: அடுத்த மாதத்துக்கு எந்தப் புத்தகம்?
– பல பேர்

ப: பெண் வாசகர்கள் கேட்டுக்கொண்டதற்கு இணங்க ஒரு பெண் காவலர். நெவாடா பார் 1993-இல் எழுதிய 'ட்ராக் ஆஃப் தி கேட்'. டெக்சஸ் மாநிலத்து மலைப் பூங்காவில் ஒரு ரேஞ்சர் செத்துக் கிடக்கிறார், மலைச் சிங்கம் அடித்தது என்று ஊரே முடிவு கட்டுகிறது, நம் காவலர் ஆன்னா பிஜன் மட்டும் அந்தச் சிங்கத்துக்காக வாதாடுகிறார். ஆண்களுக்கு ஒன்று வேண்டும் என்றால் பால் டாய்ரன் எழுதிய 'தி போச்சர்ஸ் சன்' (2010). மகன் காவலர், அப்பா திருட்டு வேட்டைக்காரர், கொலைப்பழி அப்பாமேல். ஈஜோக் மண்டோர் இரண்டாவதைத்தான் எடுப்பார் என்று பந்தயம் கட்டுகிறேன்.

பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் வாங்குங்கள், நூலகத்தில் கிடைத்தால் திருப்பிக் கொடுங்கள். கடிதத்தில் கொலைகாரனின் பெயரை எழுதுகிறவர்களின் பெயரை அச்சில் போடுவேன், ஊரோடு.